ஆருக்குச் சுகமில்லை?

இந்த அவைக்கு நடுவர் இல்லை. நேரம் முடிகிறது என்று மணியடிக்க ஒருவரும் இல்லை. ஆதரித்துப் பேசுவதா மறுத்துப் பேசுவதா என்று எனக்குச் சீட்டுக் குலுக்கித் தரப்படவும் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் மேடைகளில் என்னோடு ஏறி இறங்கிய நண்பர்களே, பக்கம் ஒதுக்கப்படாத பொருளைப் பற்றிப் பேச நான் பழகியவள் அல்லள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் இருபதுகளின் பாதியைக் கடந்துவிட்டோம். நம்மில் சிலரது வீடுகளில் தொட்டில் வந்துவிட்டது. பிறந்த குழந்தையோடு எந்த மொழியில் கதைப்பது என்று நம் குழுவில் ஒருத்தி அண்மையில் கேட்டிருந்தாள். உடனே இரண்டு அணிகளாகப் பிரிந்து நீங்கள் எழுதிய பதில்கள் அனைத்தையும் வாசித்தேன். வாதங்கள் செம்மையாக இருந்தன. நான் எந்த அணியிலும் சேரப் போவதில்லை. எனக்கு ஒன்பது வயதாயிருந்த ஒரு குளிர்காலத்தை எடுத்து உங்கள் முன் வைக்கிறேன், அவ்வளவே.

ரோவில் என்ற புறநகரில் எங்கள் வீடு ஒரு முட்டுச் சந்தின் முடிவில் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்கு மலையாளக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்தது. தாய், தந்தை, நான்கு வயது மகள். தாயை நான் நேர்ஸ் அன்ரி என்று அழைத்தேன். அவர் ஊரில் தாதியாகப் படித்துக் கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அதனால் தமிழ் நன்றாக வரும். இங்கே தாதியாகப் பதிவு பெறுவதற்குரிய ஆங்கிலத் தேர்வில் அவர் இன்னும் தேறவில்லை. ஆகவே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கிள் பொருட்கிடங்கு ஒன்றில் இரவு வேலை, பகலெல்லாம் உறங்குவார். அன்ரிக்கு மாலை வேலை இருக்கும் நாள்களில் மகள் எங்கள் வீட்டில் இருப்பாள். அவளை நாங்கள் சின்னவள் என்றோம்.

அவர்கள் வீட்டின் மணம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது: தேங்காய் எண்ணெய், குடம்புளி போட்ட மீன் குழம்பு, கைகழுவும் மருந்தின் காரம், சூடேற்றிக்கு மேலே காயப்போட்ட சீருடையின் ஈரம். சின்னவள் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அந்த மணங்களும் அவளோடு வரும். வந்ததும், தரையிலிருந்து சூட்டுக் காற்று வரும் கம்பி வலையின் மேல் போய் உட்காருவாள். அவளுடைய பாவாடை பலூன் போல உப்பும். அங்கே அமர்ந்தபடியே மலையாளத்தில் பேசத் தொடங்குவாள், நிறுத்த மாட்டாள். எனக்கு அதில் பாதி விளங்கியது. மீதியை அவளுடைய கைகள் விளக்கின.

அவள் பேசிய எல்லாவற்றிலும் ஒரு முறைமை இருந்தது. அதை இன்றுதான் மதிக்க முடிகிறது. எங்கள் புற்றரையில் மாக்பைப் பறவை ஒன்று வழக்கமாக வந்து நடக்கும். அதன் காலில் ஏன் சப்பாத்து இல்லை என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். அவளே யோசித்து விடை சொன்னாள்: அது கின்டருக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, போவதில்லை, ஆகையால் அதற்குச் சப்பாத்து வேண்டாம். மறுநாள் காலை அன்ரி வீடு முழுவதும் மகளின் சப்பாத்தைத் தேடினார். அது அழுக்குத் துணிக் கூடையின் அடியில் கிடந்தது. சப்பாத்து இல்லாதவர் கின்டருக்குப் போவதில்லை என்றால், கின்டருக்குப் போகாதிருக்க வழி எது? நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் இறுதிச் சுற்றில் இவ்வளவு நேராகப் போய் முடிவை எட்டியிருக்கிறோம்?

அன்ரி எழுதவிருந்த ஆங்கிலத் தேர்வில் ஒரு பகுதி நடிப்பு. தேர்வு எழுதுபவர் தாதி; எதிரே இருப்பவர் நோயாளி. தாதி நோயாளியிடம் இதமாகப் பேசி, நோவை விசாரித்து, ஆறுதல் கூற வேண்டும். வீட்டில் இதற்குப் பயிற்சி எடுக்க ஒரு நோயாளி தேவைப்பட்டார். அங்கிள் உறக்கத்தில் இருந்தார். எனவே அந்தப் பாத்திரம் மகளுக்குப் போயிற்று.

நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சின்னவள் சோபாவில் மல்லாந்து படுத்து, ஒரு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையை வெளியே நீட்டுவாள். அன்ரி, குழாயில் வெடிப்பு விழுந்த பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முகத்தையும் குரலையும் மாற்றிக்கொண்டு வருவார்.

“குட் ஆஃப்டர்நூன். ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே? எனி பெயின்?”

சின்னவள் கண்ணை மூடி மெல்ல முனகுவாள். நல்ல நோயாளி. பயிற்சி முடிந்ததும் அன்ரி ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி, மகளின் நெற்றியில் முத்தமிட்டு, தம் சொந்தக் குரலில் “மாறிக்கோளும்” என்பார். சரியாகிவிடும் என்று பொருள்.

இதிலிருந்து சின்னவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஆங்கிலம் என்பது, சுகமில்லாதவர்களுக்காக வைத்திருக்கும் பேச்சு. அவள் அறிந்த உலகம் முழுவதும் இதற்குச் சான்றளித்தது. தடுப்பூசி போட்ட இடத்தில் ஆங்கிலம் பேசினார்கள். மருந்துக் கடையில் பேசினார்கள். அம்மாவுக்காகக் காத்திருந்த முதியோர் இல்லத்தின் கூடத்தில், சக்கர நாற்காலிகளில் இருந்தவர்களும் அதைத்தான் பேசினார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசி ஒலித்து அம்மா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், சின்னவள் விளையாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பாள்:

“ஆர்க்கா வய்யாத்தெ?”

எங்கள் பேச்சில் சொன்னால், ஆருக்குச் சுகமில்லை?

நான் அந்நாளில் மேடையில் தமிழும் வீட்டில் ஆங்கிலமும் பேசுபவள். அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் மறுமொழி கூறுவேன். என்னை ஒரு நாட்பட்ட நோயாளியாகவே சின்னவள் கருதியிருக்க வேண்டும். நான் பேசி முடித்ததும் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். எனக்கு அது ஒரு விளையாட்டு. அதைப் பெரியவர்களிடம் போய்ச் சொல்லத்தக்க ஒரு செய்தியாக நான் நினைத்ததே இல்லை. காகம் கறுப்பு என்று யார் போய் யாரிடம் அறிவிப்பார்கள்?

ஒருநாள் மாலை அன்ரி வேலைச் சீருடையோடு எங்கள் குசினிக் கதவில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“சேச்சி, கின்டர்ல டீச்சர் கூப்பிட்டுப் பேசினாங்க. மோளு அங்க ஒரு வார்த்தை பேசறதில்லையாம்.”

“வெக்கமாக்கும்.”

“அது மட்டுமில்ல சேச்சி. டீச்சர் ஏதாவது கேட்டா பாயில படுத்துக்கறாளாம். எந்திரின்னாலும் எந்திரிக்கறதில்ல. ஒரு அசெஸ்மென்ட் செய்யணும்னு சொல்றாங்க. வீட்ல கொஞ்சம் இங்கிலீஷ் பேசினா உதவியா இருக்குமோன்னும் கேட்டாங்க. நீங்க தமிழ் ஸ்கூல்ல டீச்சர். நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?”

என் அம்மா வெறும் ஆசிரியை அல்லர். அப்பள்ளியின் துணை அதிபர். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் பெயர் பெற்றவர். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, அவையில் பேசுவது போலவே சொன்னார்:

“பாருங்கோ, கொஞ்சம் எண்டு வெளிக்கிட்டால் ஒண்டும் நடக்காது. இனி வீட்டில இங்கிலிஸ் மட்டும்தான். நீங்களும் அவரும் உங்களுக்குள்ள கதைக்கிறதும் இங்கிலிஸிலதான் இருக்கோணும். எங்கட பிள்ளையளுக்கும் முதல் இங்கிலிஸ் பிடிச்ச பிறகுதான் தமிழைக் குடுத்தனாங்கள்.”

“அப்ப மலையாளம், சேச்சி?”

“அது எங்க ஓடப் போகுது? பிறகு சனிக்கிழமையில படிப்பிக்கலாம்.”

அன்ரி தலையசைத்தார். கல்வி அறிந்த ஒருவர் சொன்னால் மறுத்துக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. கின்டர் ஆசிரியை யோசனையாகக் கேட்டது, எங்கள் குசினியைக் கடந்து போகையில் சட்டமாகியிருந்தது.

அந்தச் சட்டம் பக்கத்து வீட்டில் நடைமுறைக்கு வந்ததை வேலிக்கு இப்பாலிருந்தே கேட்க முடிந்தது. அன்ரியிடம் இருந்த ஆங்கிலம் தேர்வுக்குரிய ஆங்கிலம் மட்டுமே. காலையில் மகளை எழுப்ப, “குட் மார்னிங், டிட் யூ ஸ்லீப் வெல்?” என்றார். சோறு ஊட்ட, “வுட் யூ லைக் எ லிட்டில் மோர்?” என்றார். அந்த ஆங்கிலத்தில் அவருக்கு வையத் தெரியவில்லை, கெஞ்சத் தெரியவில்லை, தலை வாரும்போது கதை சொல்லத் தெரியவில்லை. பிள்ளையைக் கொஞ்சுவதற்கான ஆங்கிலத்தை எந்தத் தேர்வுப் புத்தகமும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதே விதி வந்தது. சின்னவளோடு ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று அம்மா எனக்குக் கட்டளையிட்டார். எனக்கு அது இலகுவாகப் போயிற்று.

சின்னவளின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். ஒரு விடியலில் அவளுடைய வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகச் சுகமில்லாமல் போயிற்று. அம்மா அப்பாவிடம் அந்தப் பேச்சைப் பேசுகிறார். அப்பா அம்மாவிடம் பேசுகிறார். ஒருவரும் படுக்கவில்லை, ஒருவருக்கும் மருந்து கொடுக்கப்படவில்லை, முடிவில் வர வேண்டிய “மாறிக்கோளும்” வரவே இல்லை. முதல் சில நாள்கள் “அச்சனு வய்யே?” என்று கேட்டுப் பார்த்தாள். அப்பாவுக்குச் சுகமில்லையா என்ற அந்தக் கேள்விக்கு, “இங்கிலீஷ், மோளே, இங்கிலீஷ்” என்பதே விடையாகக் கிடைத்தது. பின்பு கேட்பதை விட்டுவிட்டாள். உறங்கும் அங்கிளின் மேல் தன் சிறிய போர்வையைக் கொண்டுபோய் விரித்தாள். நுனிக்காலில் நடந்தாள். சுகமில்லாதவர்கள் இருக்கும் வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். எங்கள் கம்பி வலையின் மேல் அமர்ந்த போதும் இப்போது அவள் பேசவில்லை. பாவாடை மட்டும் உப்பியது.

கின்டரில் பேசாத பிள்ளை இப்போது எங்குமே பேசாத பிள்ளையானாள். அம்மா இதையும் தமக்குச் சாதகமாகவே விளக்கினார்.

“மொழி மாறேக்க கொஞ்ச நாள் அமைதியாத்தான் இருப்பினம். பொறுங்கோ.”

அன்ரி பொறுத்தார். பொறுத்துக்கொண்டே ஒரு பெட்டியும் வாங்கினார். டான்டினோங்கில் ஒரு கடையில் எடுத்தது. ஊதா நிறம், சிறு பிள்ளை இழுக்கும் அளவு, ஒரு சக்கரம் கிறீச்சிடும். வருட முடிவுக்குள் மகள் பேசாவிட்டால், அன்ரியின் தமக்கையிடம் கேரளத்துக்கு அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது. தேர்வில் தேறி, நிலையான வேலை கிடைத்ததும் திரும்ப அழைத்துக்கொள்வார்களாம். பெட்டி அவர்கள் வீட்டு நடையில், சப்பாத்துகளுக்கு அருகே நின்றது. அவர்களுடைய வீட்டுக்குப் போகும் எவரும் அதைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

“அவ போய்ட்டா எங்கிட்டப் பேசறதுக்கு யாரு சேச்சி?” என்று அன்ரி ஒருநாள் கேட்டார்.

“இப்ப மட்டும் கதைக்கிறாளோ?” என்றார் அம்மா. ஆறுதலாகத்தான் சொன்னார். அது வந்து விழுந்த விதம் எனக்கு இப்போதுதான் காதில் கேட்கிறது.

இதே வாரங்களில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் வேறோர் ஒலி நிறைந்திருந்தது. ஆண்டுப் பேச்சுப் போட்டி நெருங்கியது. உங்களுக்கெல்லாம் தெரிந்த அதே முறைதான்: அம்மா எழுதுவார், நான் மனனம் செய்வேன், கை அசைவுகளை அம்மா வரிகளோடு சேர்த்துத் தைப்பார். அவ்வாண்டு என் பிரிவுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘தாய்மொழியே சிந்தனையின் வாயில்’.

“‘வாயில்’ எண்டு சொல்லேக்க ரெண்டு கையையும் விரி. கதவு திறக்கிற மாதிரி. ஏன் உப்பிடி விசிறி மாதிரி ஆட்டுறாய்?”

“மை ஆர்ம்ஸ் ஆர் டயர்ட், அம்மா.”

“தமிழில சொல்லு!”

“கை நோகுது.”

“நோகட்டும். இப்ப, ‘தாயின் மொழியைப் பறிப்பது குழந்தையின் நெஞ்சைப் பூட்டுவதாகும்.’ பூட்டுறதுக்கு என்ன செய்யிறது?”

“நெஞ்சில கை வைக்கிறது.”

“அதைச் செய். செய்துபோட்டு அவையைப் பார். ஒரு மூச்சு விடு. பிறகு அடுத்த வரி.”

நான் நெஞ்சில் கை வைத்து அவையைப் பார்த்தேன். அவை என்று அங்கே இருந்தது சின்னவள் மட்டுமே. மூலைக் கதிரையில், கால் தரையைத் தொடாமல், வாய் திறக்காமல் அமர்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்தபோது அவளும் தன் சிறு கைகளை விரித்துக் கதவைத் திறந்தாள். நான் நெஞ்சைப் பூட்டியபோது அவளும் பூட்டினாள். அம்மா அதைக் கண்டு சிரித்தார்.

“பாத்தியே? நாலு வயதுப் பிள்ளை உன்னைவிட வடிவாச் செய்யுது.”

அந்த வரியை எழுதியவர் அம்மா. அந்த வரியின் எதிரே அமர்ந்திருந்தவள் சின்னவள். இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் எங்கள் வரவேற்பறையின் அகலத்தைவிடக் குறைவு. அதை அங்கிருந்த எவரும் நடந்து கடக்கவில்லை.

கின்டர் கேட்ட மதிப்பீடு பள்ளி விடுமுறையில் வந்தது. ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர் உடன் வர வேண்டுமென்று அன்ரி விரும்பியதால் அம்மா காரோட்டிப் போனார். என்னை வீட்டில் தனியே விட முடியாதென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். சின்ன அறை, சுவரெல்லாம் படங்கள், ஈரக் கம்பளியின் மணம். மதிப்பீடு செய்த பெண்மணி நரைத்த தலையோடும் தடித்த பச்சைக் காலுறைகளோடும் தரையில் சப்பணமிட்டு அமர்ந்திருந்தார். சின்னவளின் முன் பட அட்டைகளைப் பரப்பி, ஆங்கிலத்தில், மிக மென்மையான குரலில், நாயைக் காட்டு பார்ப்போம் என்றார்.

சின்னவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பின்பு கம்பளத்தில் மல்லாந்து படுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை அவரை நோக்கி நீட்டினாள்.

பெண்மணி பேனாவை எடுக்கவில்லை. நீட்டிய கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அன்ரியிடம் கேட்டார்:

“அவள் எதற்காகக் காத்திருக்கிறாள்?”

 அன்ரியின் பார்வை அந்தச் சுருட்டிய சட்டைக் கையில் நின்றது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு நோயாளி எவ்வாறு கையை நீட்ட வேண்டுமென்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. அவருடைய கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

“உங்கள் மொழியில் அவளிடமே கேளுங்களேன்” என்றார் பெண்மணி.

அப்போது அன்ரி திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். தம் பிள்ளையோடு தம் மொழியில் பேச அனுமதி கேட்டு, இன்னொருவருடைய முகத்தைப் பார்த்தார். அம்மா அதை எதிர்பார்த்திருக்கவில்லை. மேடையில் எந்தக் கேள்விக்கும் தடுமாறாத அம்மா, வாயைத் திறந்து, மூடி, தலையை மட்டும் அசைத்தார்.

“மோளே,” என்றார் அன்ரி, “எந்தினா கிடக்குன்னே?” ஏன் படுத்திருக்கிறாய்?

சின்னவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள். தாயின் முகத்தை இரு கையாலும் பிடித்தாள். பிறகு வந்த பேச்சை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. வரிசையாக வரவும் இல்லை. எனக்கு ஒன்றுமில்லை என்றாள். எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் டீச்சர் தினமும் கேட்கிறார். நானும் படுக்கிறேன். மருந்து தருவதில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, அச்சனுக்குச் சுகமில்லை, இந்தச் சேச்சிக்கு எப்போதுமே சுகமில்லை. இது என்னைக் காட்டிச் சொன்னது. நான் சத்தம் போடாமல் இருந்தேன், போர்வையும் கொடுத்தேன், ஏன் இன்னும் ஒருவருக்கும் மாறவில்லை?

அன்ரி இதை அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அழுதுகொண்டே, இடையில் தடுக்காமல், தேர்வுக் குரல் இல்லாமல். அவர் அவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு அட்டைகள் மீண்டும் பரப்பப்பட்டன; கேள்விகளை அன்ரி மலையாளத்தில் கேட்டார். நாய் எது என்பதோடு, அது ஏன் நனைந்திருக்கிறது என்பதையும் சின்னவள் சொன்னாள். மூன்று படங்களை நிகழ்ந்த ஒழுங்கில் அடுக்கச் சொன்னபோது, குடை விரித்த படத்தை மழைப் படத்துக்கு முன்னே வைத்தாள். மழை வந்த பிறகல்லவா குடை என்று கேட்டதற்கு, அம்மா காலையிலேயே போனில் பார்த்துவிட்டுக் குடையை எடுப்பாரே என்றாள். பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார்.

அவருடைய தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. பிள்ளையின் யோசனையிலும் பேச்சிலும் திருத்த ஒன்றுமில்லை. வீட்டில் உங்கள் மொழியை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஆங்கிலம் சுகமாயிருப்பவர்களும் பேசுவதுதான் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எழுந்து கொள்ளும்போது, “வீட்டில் ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார்.

 அம்மா சுவரிலிருந்த பல் துலக்கும் படத்தைக் கூர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க” என்று அன்ரி தமிழில் சொன்னார். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது.

திரும்பி வருகையில் காரின் பின் இருக்கை முழுவதும் மலையாளமாக இருந்தது. அம்மா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். வீட்டுக்கு முன்னே இறங்கியபோது அன்ரி, “போயிட்டு வர்றோம் சேச்சி” என்றார். “ஓம்” என்றார் அம்மா. அந்த ஒற்றைச் சொல்லை இரு முறை விழுங்கிச் சொன்னார்.

பேச்சுப் போட்டி அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. போட்டிகளில் அம்மா முதல் வரிசையில் அமர்ந்து, என் வரிகளைத் தாமும் உதடசைத்துச் சொல்வது வழக்கம். நான் அந்த உதடுகளைப் பார்த்தே பேசிப் பழகியவள். அன்று கதவைத் திறந்தேன், அம்மாவின் உதடுகள் என்னோடு வந்தன. நெஞ்சைப் பூட்டும் வரியில் அவை நின்றுவிட்டன. நான் கை வைத்தபடி காத்திருந்தேன். அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியின்றி அடுத்த வரியை நானே நினைவிலிருந்து எடுத்தேன். அந்த இடைவெளியை நடுவர்கள் மிகவும் பாராட்டினார்கள். பொருளை உணர்ந்து பேசியதாகச் சொன்னார்கள். முதற்பரிசு கிடைத்தது. அந்தக் கேடயம் வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது.

அம்மா அந்த வாரம் முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. அன்ரியின் மாலை வேலை நாள்களும் அவ்வாரம் எப்படியோ விடுமுறையாகிப் போயின. பெட்டியைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பீடு நல்லபடி முடிந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்கிய பெட்டி வாங்கியபடி அந்த நடையில் நின்றது. எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து, அவர்கள் கதவு திறக்கும்போதெல்லாம் அதைக் கண்டேன்.

ஒரு பிற்பகல், சக்கரம் கிறீச்சிடும் ஒலி கேட்டது. சன்னலுக்கு ஓடினேன். சின்னவள் ஊதாப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். அன்ரி தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அம்மா தாம் வேலை செய்யும் அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசிவிட்டு, தொலைபேசியை வைத்து, சோபாவில் நெற்றியைப் பிடித்தபடி இருந்தார். அவருக்கும் அந்த ஒலி கேட்டது. நிமிர்ந்தார். எழவில்லை.

நான் கதவைத் திறந்தேன். சின்னவள் என்னைக் கடந்து நேரே அம்மாவின் முன்னால் போய்ப் பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தாள். உள்ளே உடுப்பு ஒன்றும் இல்லை. மருந்துக் கிண்ணங்களாகச் சில டின் மூடிகள், தன் சிறிய போர்வை, குழாய் வெடித்த ஸ்டெதஸ்கோப்.

அதை எடுத்துக் கழுத்தில் போட்டாள். அம்மாவின் முகத்தைச் சிறிது நேரம் ஆராய்ந்தாள். ஆங்கிலம் பேசுபவர் எல்லோரும் நோயாளி அல்லர் என்று அவளுக்கு இப்போது சொல்லப்பட்டிருந்தது. அவள் தன் பழைய முடிவைக் கைவிடவில்லை, திருத்தியிருந்தாள். ஆங்கிலம் பேசுபவருக்குச் சுகமில்லாமலும் இருக்கலாம், சுகமாயும் இருக்கலாம். ஆகவே கேட்டுப் பார்க்க வேண்டும். அவள் கேட்டாள். அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் ஆங்கிலம் அது.

“எனி பெயின்?”

அம்மா அவளைப் பார்த்தபடியே மெல்லச் சோபாவில் சாய்ந்து படுத்தார். சேலைக்கு மேல் அணிந்திருந்த கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கையை நீட்டினார்.

“ஓம், பிள்ளை,” என்றார். “கொஞ்சம் இருக்கு.”

சின்னவள் பெட்டிக்குள்ளிருந்து போர்வையை எடுத்து அம்மாவின் மேல் விரித்தாள். அது முழங்கால் வரைதான் எட்டியது. பின்பு ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எம்பி, அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

“மாறிக்கோளும்” என்றாள்.